வாட்டில் ஓடுகிறோம், தியேட்டரில் ஒட்டி நிற்கிறோம்

போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு வாட்டுக்குள் போகும்போதெல்லாம் இதே காட்சிதான். "எக்ஸ்றே எடுக்கப்போறம்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மருந்து கொடுத்துக்கொண்டிருந்த மிஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே போய்விடுவார், சாப்பாடு கொண்டுவந்த சொந்தக்காரர் அவருக்குப் பின்னால், நடக்க முடிந்த நோயாளர்கள்கூட சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு. அதே ஆஸ்பத்திரியில் அதே நாள் பின்னேரம் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் சி-ஆர்ம் (C எழுத்துப் போல வளைந்த, ஒரு நுனியில் கதிர் விடுகிற டியூபும் மறுநுனியில் படம் வாங்குகிற தலையும் உள்ள எக்ஸ்றே மெஷின்) ஓடிக்கொண்டிருக்கும், நோயாளியின் காலை இரண்டு கையாலும் பிடித்தபடி டியூப் பக்கமாக ஒட்டி நிற்கிற சிற்றூழியருக்குக் கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரன்கூட இருக்காது. இப்படிப்பட்ட நாட்களை நான் ஒன்றிரண்டல்ல, நிறையப் பார்த்திருக்கிறேன். பதினேழு வருடமாக யாழ்ப்பாணத்தில் எக்ஸ்றே எடுக்கிற ரேடியோகிராபராக வேலை செய்கிறேன், பயப்படத் தேவையில்லாத இடத்தில் எல்லோரும் ஓடுவதும் கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கிட்ட வைப்பதும் இன்னும் முழுதாக மாறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில் பயிற்சி எடுத்த காலத்தில், எக்ஸ்றே ஒன்றில் பட்டுத் திசை மாறித் தெறிக்கிற சிதறல் கதிர்வீச்சைப் பற்றி நன்றாகவே படித்தோம். அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஆர்தர் கொம்ப்டன் 1923 இல் அதை விளக்கினார், 1927 இல் நோபல் பரிசு வாங்கினார், சமன்பாடு, கோணம் எல்லாம் மனப்பாடம். பரீட்சையும் பாஸ். ஆனால் தியேட்டருக்குள் போனால் எங்கே நிற்பது என்று காலுக்குத் தெரியவில்லை. அது விளங்கியது வீட்டுக் கிணற்றடியில். கோப்பாய்ப் பக்கம் எங்களுக்கு வெங்காயத் தோட்டம் இருந்தது. மோட்டரைப் போட்டால் குழாய்த் தண்ணீர் தொட்டியின் எதிர்ச்சுவரில் போய் அடிக்கும். குழாய் வாய்ப் பக்கமாக நின்றால் முழங்கால்வரை நனைந்துவிடுவோம், சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் ஒரு துளியும் படாது. குழாயில் ஓட்டை இல்லை. தண்ணீர் போய் அடிபடுகிற இடத்திலிருந்துதான் தெறிக்கிறது, அதுவும் வந்த பக்கத்துக்கே கூடுதலாகத் தெறிக்கிறது. ஒரு லீவு நாளில் அப்படி நனைந்துகொண்டு நிற்கும்போதுதான், அட, தியேட்டரில் நடப்பதும் இதுதானே என்று பிடிபட்டது.

எக்ஸ்றே டியூபைச் சுற்றி ஈயக் கவசம் இருக்கிறது. ஒரு சிறிய வாசல் வழியாக மட்டும் கதிர் வெளியே வந்து நோயாளியின் உடம்பில் அடிக்கும். அதில் கொஞ்சம் ஊடுருவிப் போய்ப் படமாகிறது, பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது, மிச்சம் திசை மாறி நாலாபக்கமும் தெறிக்கிறது. உள்ளே போகப் போகக் கதிர் தேய்கிறது, மறுபக்கம் வெளியே வரப் பார்க்கிற சிதறலையும் உடம்பே தடுத்துவிடுகிறது, அதனால்தான் டியூப் இருக்கிற பக்கத்தில் சிதறல் கூட, படம் வாங்குகிற பக்கத்தில் குறைவு. ஆக, படம் எடுக்கிற அந்தக் கணத்தில் எங்களுக்குக் கதிர் தருவது நோயாளியின் உடம்பு. மெஷினுக்குப் பயந்து மெஷினிலிருந்து நாலடி தள்ளிப் போய், நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை ஒருதரம் சொன்னால் போதும், உடனே இடம் மாறி நிற்பார்கள்.

எங்கள் துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு. நோயாளியின் தோலில் விழுகிற கதிரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மீற்றர் தள்ளி நிற்பவரிடம் சிதறலாக வந்துசேரும். தூரம் இரண்டு மடங்கானால் அது நாலில் ஒன்றாகக் குறையும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. சி-ஆர்மில் நோயாளியின் தோலுக்கு நிமிடத்துக்கு 20 மில்லிகிரே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (கிரே என்பது உடம்பு வாங்குகிற கதிரை அளக்கிற அலகு, மில்லி அதில் ஆயிரத்தில் ஒன்று, மைக்ரோ மில்லியில் ஆயிரத்தில் ஒன்று). ஒரு மீற்றரில் நிற்பவருக்கு 20 மைக்ரோகிரே, அரை மீற்றரில் 80, இரண்டு மீற்றரில் 5. அரை மீற்றருக்கும் இரண்டு மீற்றருக்கும் நடுவில் இருப்பது இரண்டு எட்டு, கதிரில் வித்தியாசம் பதினாறு மடங்கு.

இந்தக் கணக்கை வாட்டுக்குக் கொண்டுபோனால் ஏன் ஓட வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும். ஒரு நெஞ்சு எக்ஸ்றே செக்கனில் சிறு பங்கு நேரம். இரண்டு மீற்றர் தள்ளி நிற்பவருக்கு அதிலிருந்து வருவது ஒரு மைக்ரோ சீவெர்ட்டுக்கும் குறைவு (சீவெர்ட் என்பது கதிர் உடம்புக்குச் செய்யக்கூடிய கெடுதியைக் கணக்கிடுகிற அலகு). மண், வானம், மூச்சுக்காற்று, சாப்பாடு என்று இயற்கையாகவே உலகத்தில் சராசரி மனிதர் ஒருவருக்கு வருடத்துக்கு 2.4 மில்லி சீவெர்ட் கிடைக்கிறது, நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் ஆறரை மைக்ரோ சீவெர்ட். பக்கத்துக் கட்டிலில் ஒக்சிசனோடு படுத்திருக்கிற ஐயாவை எழுப்பி வெளியே அனுப்பத் தேவையே இல்லை. நோயாளியைக் கட்டிலில் இருத்திவைத்து எடுக்கும்போது மட்டும், நேர்க்கதிர் எந்தத் திசையில் போகிறது, அந்தத் திசையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பது என்னுடைய வேலை. எஞ்சியவர்கள் இரண்டு மீற்றர் விலகி நின்றாலே போதும்.

தியேட்டர்க் கதை வேறு.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த ஒரு பெடியன், முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து கிடந்தது. உள்ளே கம்பி போட வேண்டும். மேலிருந்து கீழான படம் எடுத்து முடிந்து பக்கவாட்டுப் படம் எடுக்கச் சி-ஆர்மைத் திருப்பினேன். திருப்பியதும் டியூப் மேலெழும்பி வந்து, காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணையின் இடுப்புக்குக் கிட்ட நின்றது. அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். தியேட்டரில் இருந்த நாலு ஏப்ரனையும் டொக்டர்மார் இரண்டு பேர், மயக்கமருந்து டொக்டர், நான் என்று போட்டுக்கொண்டுவிட்டோம், ஐந்தாவது இல்லை. சத்திரசிகிச்சை செய்கிற சேர் படம் கேட்கிறார், நான் போடுகிறேன், அவர் இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்கிறார், மறுபடியும் போடுகிறேன். ஒவ்வொரு முறை அமத்தும்போதும் எனக்கு அந்த அண்ணையின் கைதான் கண்ணில் பட்டது. நோயாளியின் கணுக்காலைச் சுற்றிப் பிடித்திருந்த கை, நகக்கண்ணில் பெற்றடின் மருந்தின் மஞ்சள், விரல்கள் படத்தின் ஓரத்தில் அப்படியே தெரிந்தன. எலும்புகள் வரிசையாக. ஒரு மனிதனின் கை எலும்பைத் திரையில் பார்த்துக்கொண்டே நான் வாய் திறக்கவில்லை. இடையில் நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, வயதும் அனுபவமும் அப்படி. எல்லாம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் வைத்துத்தான் கேட்டேன், அண்ணை உங்கட பட்ஜ் எங்கே என்று. நாங்கள் வாங்குகிற கதிரை அளக்க உடம்பில் குத்திக்கொள்வதுதான் பட்ஜ். "எனக்கெங்க மிஸ் பட்ஜ், அது உங்களுக்கெல்லோ தாறது. நான் இருவது வரியமாப் பிடிக்கிறன், எனக்கு ஒண்டும் செய்யாது" என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. படித்த காலத்தில் கேட்ட ஒரு பெயர் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது, கிளாரன்ஸ் டாலி. ரொன்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்றேயைக் கண்டுபிடித்த கையோடு அமெரிக்காவில் எடிசன் அதில் சோதனைகள் தொடங்கினார், மணிக்கணக்காகக் கையை நீட்டிக் கதிரில் காட்டியது அவருடைய உதவியாளர் டாலி. கை புண்ணாகிப் புற்றுநோயாகி, கைகளை வெட்டியும் பயனில்லாமல் 1904 இல் இறந்துபோனார். எடிசன் அதோடு எக்ஸ்றே வேலையையே கைவிட்டார். ஜெர்மனியில் ஹம்பேர்க் நகரத்தில் இப்படிக் கதிரால் உயிர்விட்டவர்களுக்கு 1936 இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள், முதலில் அதில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 169. இன்றைய மெஷின்கள் தருகிற அளவும் அந்தக் கால அளவும் ஒன்றல்ல, ஒப்பிடவும் முடியாது. எனக்கு உறைத்தது வேறு விஷயம். கையைக் காட்டச் சொன்னவர் தப்பினார், காட்டியவர் போனார். எங்கள் தியேட்டரில் கதிர் பற்றிப் படித்த நான் ஏப்ரனோடு பின்னால் நின்றேன், படிக்காத மனிதர் முன்னால் நின்றார்.

அடுத்த கிழமை அந்தச் சேரிடம் போய்க் கதைத்தேன். பயந்துகொண்டுதான் போனேன், ஆனால் அவர் முழுதாகக் கேட்டார், "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். இதை வாசிக்கிற இளம் ரேடியோகிராபர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: தியேட்டரில் கதிர் பற்றிப் பேச வேண்டிய ஆள் நீங்கள்தான், கத்தி பிடித்திருப்பவருக்கு எலும்பு மட்டும்தான் கண்ணில் தெரியும், உங்களைத் தவிர வேறு யாரும் அங்கே அதைச் சொல்லப் போவதில்லை.

நாங்கள் மாற்றியது பெரிய செலவான ஒன்றும் இல்லை. காலைக் கையால் பிடிப்பதற்குப் பதிலாகக் கணுக்காலில் பண்டேஜைச் சுற்றி நீளமாக விட்டு, அதன் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினோம், அண்ணை ஒரு மீற்றருக்கும் கூடப் பின்னால் போனார். முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்தால் பல படங்களுக்கு யாருமே பிடிக்கத் தேவையில்லை, அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருபது வருடம் எடுத்திருக்கிறது என்று நினைக்கும்போது கஷ்டமாக இருக்கும். நான் "படம்" என்று சத்தமாகச் சொல்வேன், எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் வைப்பார்கள், அதற்குப் பிறகுதான் அமத்துவேன். பக்கவாட்டில் திருப்பும்போது டியூப் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் நிற்பவர்கள் மற்றப் பக்கம் வந்துவிட வேண்டும். முடியாதவர், சத்திரசிகிச்சை செய்கிறவரைப் போல, குறைந்தது பின்னால் சாய்ந்து நிற்கலாம். மேலிருந்து கீழான படத்துக்கு டியூப் எப்போதும் மேசைக்குக் கீழே. மேலே இருந்தால் சிதறல் முகத்துக்கும் கண்ணுக்கும் வரும், கீழே இருந்தால் பெரும்பாலும் காலுக்குப் போகும்.

படம் வாங்குகிற தலையை நோயாளியின் உடம்போடு முட்டுகிற அளவுக்கு இறக்கி வையுங்கள், டியூபிலிருந்து உடம்பு எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும். இதைச் செய்தாலே மெஷின் தானாகக் கதிரைக் குறைத்துக்கொள்ளும், நோயாளிக்கும் நல்லது எங்களுக்கும் நல்லது. பெருப்பித்துக் காட்டுகிற பொத்தானை ஆசைக்கு அமத்தாதீர்கள், அது கதிரைக் கூட்டித்தான் பெருப்பிக்கிறது. கடைசிப் படம் திரையில் நிற்கும், அதைப் பார்த்தே யோசிக்கலாம், யோசிக்கிற நேரம் முழுவதும் பெடலில் காலை வைத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் கதிர் ஓடினால் மெஷின் மணியடிக்கும், நாங்கள் பழக்கத்தில் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வோம். இப்போது அது அடித்தால் நான் நேரத்தை வாய்விட்டுச் சொல்கிறேன், "அஞ்சு நிமிசம் சேர்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெடல் குறைவதை என் காதே கேட்டிருக்கிறது.

ஈயக் கையுறை பற்றி ஒரு வார்த்தை. அதைப் போட்டால் கையை நேர்க்கதிருக்குள் விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். படத்துக்குள் ஈயம் வந்தவுடன் மெஷின் "இருட்டாக இருக்கிறது" என்று கதிரைக் கூட்டிவிடும், கையுறை தந்த பாதுகாப்பு போய்விடும், நோயாளிக்கும் கூடுதலாகப் போகும். கை கதிருக்கு வெளியே இருக்க வேண்டும், கையுறையோடும் சரி, இல்லாமலும் சரி.

தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன், மேசையிலிருந்து ஒரு மீற்றரில் ஒரு கோடு, இரண்டு மீற்றரில் இன்னொரு கோடு. தியேட்டரை ஒவ்வொரு நாளும் கழுவுவார்கள், டேப் மூன்று கிழமையில் உரிந்துவிடும், திரும்ப ஒட்டுவேன். அறிவுறுத்தல் பலகை ஒன்று சுவரில் ஏற்கெனவே இருந்தது, ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். யாருக்காக அதை ஒட்டினார்களோ தெரியாது, காலைப் பிடிக்கிறவர்களுக்காக இல்லை. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் இது, மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1884 இல் காலமாகிவிட்டார், எக்ஸ்றே வந்தது அதற்குப் பதினொரு வருடம் கழித்து. அவர் இருந்திருந்தால் சிதறலுக்கும் ஒரு நல்ல விளக்கம் எழுதியிருப்பார். நான் எனக்குத் தெரிந்த தமிழில் தொட்டித் தண்ணீரை ஒரு பெரிய கடதாசியில் வரைந்து ஒட்டினேன். குழாய், சுவர், தெறிக்கிற தண்ணீர், நனைகிற ஆள், நனையாத ஆள். சிற்றூழியர்களுக்கு அரை மணித்தியாலம் அதை வைத்தே வகுப்பெடுத்தேன், அவர்கள் எல்லோரும் தோட்டம் தெரிந்தவர்கள், இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

ஏப்ரனுக்கு வருவோம். 0.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமான ஏப்ரன், எங்களிடம் வருகிற சிதறலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும். நல்ல நிலையில் இருந்தால். பல வருடமாக எங்கள் ஏப்ரன்களை மடித்துக் கதிரையின் முதுகில் போடுவோம், இடமில்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிப்போம். ஒரு சனிக்கிழமை வேலை குறைவாக இருந்தபோது ஒவ்வொன்றாக மேசையில் விரித்துச் சி-ஆர்மில் பார்த்தேன். நல்ல ஏப்ரன் திரையில் ஒரே கறுப்பாக, கனத்த துணி விரித்த மாதிரித் தெரியும். மூன்றாவது ஏப்ரனை நகர்த்திக்கொண்டு இடுப்புப் பக்கம் வந்தபோது கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, வறண்ட வயலில் வெடிப்பு ஓடுவது போல வளைந்து வளைந்து, ஒரு சாண் நீளம், அதிலிருந்து கிளை பிரிந்து இன்னும் இரண்டு. வெளியே துணியில் ஒரு கீறல்கூட இல்லை, நீலத் துணி புதிது போலவே இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த ஏப்ரனைத்தான் நான் அதிகம் போடுவேன், பாரம் குறைவு என்று. அதற்குப் பிறகு ஏப்ரனை யாராவது மடித்தால் எனக்குப் பொறுக்காது. அகலமான கொழுவியில் தொங்கவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதுங்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது கதிரில் வைத்துப் பார்த்துத் திகதியோடு கொப்பியில் குறியுங்கள். 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் ஒரு ஊசிக்கே அலைந்துகொண்டிருந்தோம், புது ஏப்ரன் கேட்க வாய் வரவில்லை, அப்போது இருந்ததைப் பழுதாகாமல் வைத்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

இன்னொன்று, முன்பக்கம் மட்டும் மூடுகிற ஏப்ரனைப் போட்டுக்கொண்டு, கதிர் ஓடுகிற நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பி அலுமாரியில் சாமான் எடுக்கிற மிஸ்மார் உண்டு. முதுகுக்கு ஒன்றும் இல்லை அங்கே. கழுத்துக்குத் தைரொய்ட் பட்டியைக் கட்டச் சொன்னால் புழுக்கம் என்பார்கள், யாழ்ப்பாண வெயிலில் எனக்கும் தெரியும், ஆனாலும் கட்டுங்கள். கண்ணைப் பற்றி முன்பு யாரும் கதைப்பதில்லை. சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 2011 இல் ஊழியரின் கண்வில்லைக்கான வருட எல்லையை 150 மில்லி சீவெர்ட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது, ஐந்து வருடச் சராசரியாக. ஒரேயடியாக இவ்வளவு குறைத்தார்கள் என்றால், கண்ணில் வெண்புரை நாங்கள் நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே வருகிறது என்று தெரிந்ததால்தான். இருதயக் குழாய்ப் பரிசோதனை போல நீண்ட நேரம் கதிரோடு நிற்கிறவர்களுக்கு ஈயக் கண்ணாடியும் மேலிருந்து தொங்குகிற ஈயக் கண்ணாடித் தட்டியும் கட்டாயம் வேண்டும்.

பட்ஜ் விஷயத்தில் என்னிடமே ஒரு பிழை நடந்தது. ஒருமுறை என் பட்ஜின் கணக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கூட வந்து, விளக்கம் கேட்டிருந்தார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு கிழமை லீவெடுத்துப் போனபோது ஏப்ரனிலேயே பட்ஜைக் குத்தி எக்ஸ்றே அறைக்குள் கொழுவிவிட்டுப் போயிருக்கிறேன், நான் திருவிழாவில் கச்சான் வாங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் பட்ஜ் கதிரில் இருந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடதாசி வந்தபோது சிலர் எனக்குச் சொன்ன புத்திமதி, இனிமேல் பட்ஜை லாச்சிக்குள் வைத்துவிடு, பிரச்சினையே வராது என்பது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சின்ன வில்லைக்குள் இருக்கிற பளிங்கு கதிரை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும், பிறகு சூடாக்கினால் அந்த அளவுக்கு ஒளியை விடும், அதைத்தான் அளக்கிறார்கள். லாச்சிக்குள் இருந்த பட்ஜ் லாச்சி வாங்கிய கதிரைத்தான் சொல்லும். நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே குத்துங்கள். தியேட்டரில் அதிகம் நிற்பவர்கள் இரண்டாவது ஒன்று கேட்டு வாங்கிக் கழுத்தில் ஏப்ரனுக்கு வெளியே போடலாம். வேலை முடிந்தால் கதிர் அறைக்கு வெளியே, எல்லோருடைய பட்ஜும் வைக்கிற பலகையில். ஊழியருக்கான எல்லை ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லி சீவெர்ட், ஒரு தனி வருடத்திலும் 50 ஐத் தாண்டக்கூடாது. முறையாக நிற்கிற ஒரு ரேடியோகிராபருக்கு அதில் சிறு பங்குதான் வரும். என்னுடைய கணக்குகளை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன், நீங்களும் கேட்டு வாங்கி வையுங்கள், அது உங்களுடையது.

மகள் வயிற்றில் இருந்தபோது மாமி வேலையை விடச் சொல்லி அழுதார். நான் தெரிந்த உடனேயே பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. சொன்ன நேரத்திலிருந்து பிரசவம் வரை வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு மில்லி சீவெர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது விதி. தியேட்டரிலிருந்தும் போர்ட்டபிளிலிருந்தும் என்னை எடுத்து, ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று படமெடுக்கிற பொது அறைக்கு மாற்றினார்கள். வயிற்றில் ஒரு பட்ஜ் தனியாகத் தந்தார்கள், பிரசவம் வரை அதில் சொல்லும்படி ஒன்றும் ஏறவில்லை. மகளுக்கு இப்போது பதினொரு வயது. வேலையை விடத் தேவையில்லை, சொல்லாமல் இருக்கவும் கூடாது.

பிள்ளைகளுக்கு எக்ஸ்றே எடுக்கும்போது பிடிக்கிற பிரச்சினை எல்லா இடத்திலும் உண்டு. ஊழியர் பிடிக்கக்கூடாது, ஏனென்றால் நாங்கள் ஒவ்வொரு நாளும் இங்கேதான் நிற்கிறோம். தாய் தகப்பன் பிடிப்பது வாழ்நாளில் ஒருமுறை இரண்டுமுறை. முதலில் துணியால் சுற்றிப் பாருங்கள், மணல் மூட்டை வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் தகப்பன், அல்லது கர்ப்பமில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தாய், ஏப்ரன் போட்டு, நேர்க்கதிருக்குள் கை வராமல் பக்கத்தில் நின்று. கேட்கக் கூச்சப்படாதீர்கள், எத்தனையோ பேர் கேட்டதற்குப் பிறகுதான் "ஓம் மிஸ், ரெண்டு மாசம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கதிர் படுகிற இடத்தைச் சுருக்குகிற கொலிமேட்டரைப் பற்றி எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கிறது. பிலிம் காலத்தில் சுருக்காமல் எடுத்தால் படத்திலேயே தெரிந்துவிடும், பெரியவர்கள் ஏசுவார்கள். டிஜிட்டல் வந்த பிறகு அகலத் திறந்து எடுத்துவிட்டுக் கொம்பியூட்டரில் ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். படம் வடிவாக இருக்கும், ஆனால் கதிர் ஏற்கெனவே போய்விட்டது, கதிர் பட்ட தசை கூடினால் சிதறலும் கூடும், சிதறல் கூடினால் படமும் மங்கும். கையைப் படமெடுக்க வந்த பிள்ளையின் நெஞ்சுவரை ஏன் கதிர் போக வேண்டும்? எடுக்க முதல் சுருக்குங்கள்.

சில இடங்களில், பழைய வீட்டை மாற்றி நடத்துகிற சின்ன நிலையங்களில், கரண்ட் போய் ஏசி நின்றால் எக்ஸ்றே அறைக் கதவைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு படமெடுப்பதைப் பார்த்தேன், ஜெனரேட்டரில் மெஷின் மட்டும் ஓடும். வெளியே வாங்கில் ஆட்கள் இருப்பார்கள். அந்தக் கதவுக்குள் ஈயம் வைத்திருப்பது மூடுவதற்காக. வெளியே இருக்கிற நீங்களும் அது திறந்திருந்தால் "கதவைச் சாத்துங்கோ" என்று சொல்லலாம், அது உங்களுக்கு உள்ள உரிமை. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர் அனுமதிப்பத்திரம் எடுத்துத்தான் நடத்த வேண்டும், அறை எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். மற்றபடி, படமெடுத்து முடிந்த பிறகு அறைக்குள் கதிர் தேங்கி நிற்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு: தேங்காது. லைற்றை நிறுத்தினால் வெளிச்சம் போவது போலத்தான்.

அந்த அண்ணைக்கு பட்ஜ் எடுத்துக் கொடுக்க எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. படிவம் போகும், சிற்றூழியருக்கு ஏன் என்று திரும்பி வரும், மறுபடியும் எழுதுவேன். வந்த அன்று அவர் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, இது எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் மிஸ் என்று இரண்டுமுறை கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது உடுவிலில் ஆடு வளர்க்கிறார், நல்ல சுகமாக இருக்கிறார். அவருடைய இடத்துக்குப் போன மாதம் ஒரு தம்பி வந்திருக்கிறான். முதல் நாளே சுவரில் இருந்த தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மிஸ், எனக்கு எப்ப பட்ஜ் வரும்?" என்று கேட்டான். அன்றே படிவம் அனுப்பிவிட்டேன். இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் சி-ஆர்ம் ஓடுகிற நேரத்தில் அவனை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.